பொழுது சாயாத ஊர்

மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். "பொழுது சாய்ந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்" என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த தோழி ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி போட்டிருந்தாள்: "எப்படிச் சாய்ந்தது?"

நியாயமான கேள்விதான். கதை நடப்பதே சூரியன் அசையாத ஒரு கிரகத்தில். பிராக்சிமா சென்டாரியைச் சுற்றும் கோள் ஒன்றை 2016இல் அறிவித்தார்களே, அதை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கும் மங்கலான சிவப்பு நட்சத்திரம் அது. கோள் அதை ஒட்டிக்கொண்டு 11.2 நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இவ்வளவு நெருக்கத்தில் சுற்றினால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல அதுவும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் ஓயாத இரவு, நடுவில் வளையமாக ஓர் அந்தி. என் ஆட்கள் அந்த வளையத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்தேதான் எழுதினேன். வரைபடம், நாணயம், அரச பரம்பரை என்று அறுபது பக்கக் குறிப்பு வேறு இருக்கிறது. (பரம்பரையில் ஏழு தலைமுறை. ஒருவர்கூடக் கதைக்குள் வரவில்லை.) இருந்தும் கை தன் பழக்கத்துக்குப் பொழுதைச் சாய்த்துவிட்டது.

அன்றைக்கே கோப்பைத் திறந்து 'நேற்று' என்று தேடினேன். 41 இடம். 'விடிந்ததும்' ஒன்பது. யாரையும் விடியாமூஞ்சி என்று திட்டக்கூட வழியில்லை. குழந்தை அடம்பிடித்தால் "நாளைக்குத் தரேன்" என்று தள்ளிப்போட முடியாது. "தூங்கி எழுந்ததும்" என்று மாற்றினேன். அது குழந்தைக்குத்தான் வசதியாகப் போனது, உடனே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குறட்டை விடுகிறது. வயதும் சிக்கல். 11 நாளுக்கு ஒரு வருடம் என்றால் எழுபது வயதுப் பாட்டிக்கு அங்கே இரண்டாயிரத்துச் சொச்சம். அந்த வருடத்தை எண்ணவும் இருட்டுப் பக்கம் போய் நட்சத்திரம் பார்க்க வேண்டும். வெளிச்சப் பக்கத்து வானத்தில்தான் எதுவும் நகராதே.

வெட்டிக்கொண்டே போனபோது ஓரிடத்தில் நின்றேன். "சுவரின் நிழல் முற்றத்தைத் தாண்டி நீண்டது." சூரியன் நகராவிட்டால் நிழல் எப்படி நீளும்? நீளாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். அந்தி வளையத்தில் வெளிச்சம் படுக்கையாக வருவதால் ஆள் உயரச் சுவருக்கே நிழல் வயல் தாண்டிப் போகும். அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இரண்டு முழம் உயர்த்தினால் என் வயலில் ஒரு துண்டு நிரந்தரமாகச் செத்துவிடும். பயிர் வெளுத்து, ஓரத்தில் உறைபனி கட்டி, கோடு கிழித்ததுபோல. வழக்கு வரும், நிழலுக்குப் பத்திரம் எழுதுவார்கள், வெளிச்சத்துக்குக் குத்தகை பேசுவார்கள். அறுபது பக்கக் குறிப்பில் இல்லாத கதை இந்த ஒரு வரிக்குள் உட்கார்ந்திருந்தது. பழைய கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. பாலைக்கு நண்பகல், முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம் என்று நிலத்துக்கொரு பொழுதைக் கட்டிவைத்தார்களே! பள்ளியில் மனப்பாடம் செய்தபோது, எல்லா நிலத்திலும்தான் எல்லாப் பொழுதும் வருகிறது, இதென்ன கணக்கு என்று நினைத்திருக்கிறேன். என் கிரகத்தில் அது அப்படியே நிலவியல். நண்பகல் என்பது ஓர் இடம். சூரியன் உச்சியில் நிற்கும் அந்தப் பாலைக்கு நடந்தே போகலாம், திரும்பி வருவதுதான் சந்தேகம்.

ஆகவே வெட்டிய சொற்களில் சிலவற்றை ஊர்ப்பெயர்களாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன். புதிய வரைவின் முதல் வரி: "நான் அந்தியில் பிறந்தவள். நண்பகலுக்குப் போனதில்லை."

தோழிக்கு அனுப்பினேன். ஓரத்தில் கேள்வி எதுவும் இல்லை. ஆனால் 19ஆம் பக்கத்தில் 'பொழுது போகாமல்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது.