கச்சான் காற்றும் என் சமன்பாடும்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். எம்.எஸ்சி. கணிதம் படித்தவன் ஐஸ் உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி ஓரம் நிற்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

50 கிலோ ஐஸ் பார் (கட்டி) படகுக்குப் போவதற்குள் எடை குறைகிறது என்று தினமும் தகராறு. எவ்வளவு குறையும் என்று அட்டவணை கேட்டார் முதலாளி. உருகும் வேகம் மேற்பரப்புக்கு நேர்விகிதம் என்று ஒரு வகைக்கெழுச் சமன்பாடு எழுதினேன். கட்டியைக் கனசதுரமாக எடுத்துக்கொண்டால் பக்க நீளம் சீராகக் குறையும். முழுக்கக் கரைய 10 மணி நேரம் என்றால் முதல் 2 மணி நேரத்திலேயே கிட்டத்தட்ட பாதி எடை போய்விடும். ஐந்தாவது மணியில் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்குதான். முதலாளி நம்பவே இல்லை. "பாதி நேரத்துக்குப் பாதிதானய்யா?" என்றார். தராசில் வைத்துக் காட்டினேன்.

உருகும் வேகத்தைத் தீர்மானிக்கும் 'கே' என்ற மாறிலியை மார்ச் மாதத்தில், காற்றில்லாத நாட்களில் கண்டுபிடித்திருந்தேன். ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பியதும் அட்டவணை மானத்தை வாங்கியது.

பார் ஏற்றும் அண்ணன் சிரித்தார். "தம்பி, கச்சான் அடிச்சா இந்தத் தாள் செல்லாது." கட்டியை ஒட்டியிருக்கும் குளிர்ந்த காற்றைக் கச்சான் என்கிற மேல்காற்று துடைத்துக்கொண்டு போகிறது, வெப்பம் நேராக வந்து தாக்குகிறது. மாறிலி என்று நான் வைத்தது மாறிக்கொண்டே இருந்தது. அவர் பார்களை இடைவெளியில்லாமல் அடுக்கிச் சாக்கு போட்டு மூடுவதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. எட்டுக் கனசதுரங்களை ஒன்றாக அடுக்கினால் வெளியே தெரியும் பரப்பு சரிபாதியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பேனா தேவைப்பட்டது.

அப்படியும் கொஞ்சம் எடை கணக்கில் இடித்தது. அதற்கான பதில் தொட்டியில் இருந்தது. ஆஸ்திரிய இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1889 வாக்கில் துருவக் கடல் பனியைப் பற்றி எழுதியதுதான்: உறைந்த பனியே அடுத்து உறைய வேண்டிய தண்ணீரின் வெப்பம் வெளியேறத் தடை. இரட்டிப்புத் தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். எனவே பாரின் நடுப்பகுதி கடைசியில்தான் இறுகும். சீசன் அவசரத்தில் பார்களைச் சீக்கிரமே தூக்கிவிட்டோம். சாய்த்ததும் நடுவிலிருந்த தண்ணீர் கொட்டிப்போனது. இதை முதலாளியிடம் சொல்ல மூன்று நாள் யோசித்தேன்.

கடைசியில் அட்டவணையில் இரண்டு பத்திகள் போட்டேன்: காற்று உள்ள நாள், இல்லாத நாள். இன்றைக்கு எந்தப் பத்தி என்பதைக் காலையில் வாசலுக்குப் போய் நின்று பார்த்துவிட்டு அந்த அண்ணன் சொல்வார்.