‘காவிரி’க்குள் புகுந்த துணைக்கால்

கும்பகோணம் பக்கத்து ஊர் வரலாறு ஒன்று, ஏறத்தாழ 40,000 சொற்கள். அதைப் பதிப்பகத்துக்கு அனுப்பும் பக்குவத்துக்குக் கொண்டுவந்ததில் அதிக நாளைத் தின்றது எழுத்துரு.

பழைய அத்தியாயங்கள் டிடிபி கடையில் பாமினியில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். அதனால் எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாகிவிடும். முன்கூட்டியே அவற்றுக்கு மஞ்சள் பூசி வைத்துக்கொண்டு, பிறகு கையால் திருத்துவதே வழி.

அடுத்தது கண்ணுக்குத் தப்பும் பிழை. ‘காவிரி’ என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்து ‘காவிாி’ ஆகியிருக்கும். ‘அவர்’ ‘அவா்’ ஆகியிருக்கும். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தேடினால்தான் அகப்படும். துணைக்காலுக்கு மேல் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே வராது என்பதால், இவற்றை மொத்தமாக ‘ரி’, ‘ர்’ என்று மாற்றிவிடலாம்.

ஔகாரத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம். ‘கௌரி’ பல இடங்களில் ‘கெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளாக ‘கெளரி’ என்று இருக்கும். சரி, ஒரேயடியாக மாற்றுவோம் என்று ‘Replace All’ கட்டளையை அழுத்தினால், ‘வெள்ளம்’ ‘வௌ்ளம்’ ஆகிவிடும், குளத்துக் கெளுத்தியும் கெட்டுப்போகும். டெல்டாவைப் பற்றிய நூலில் வெள்ளம் எத்தனை முறை வரும் என்று சொல்லவா வேண்டும்! ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பிறகு தாளில் அச்சடித்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஒற்றுப் பிழை திரையில் தப்பும், காதில் மாட்டும்.

உள்ளடக்கத்தில் இடறுவது அளவுகளும் பெயர்களும். வேலி, மா, குழி என்று உள்ளூரில் சொல்லிவிடலாம். கோயம்புத்தூர் வாசகருக்கு முதல் இடத்திலேயே விளக்கம் வேண்டும்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, மூன்று மா சுமார் ஓர் ஏக்கர். குறுவை, சம்பா, தாளடி என்ற நெல் பருவங்களுக்கும் அப்படியே. 1950ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ‘திருவாரூர் மாவட்டம்’ என்று எழுதுவது பிழை. நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்களாயின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைச் சொன்னால் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் கூடவே இருக்கட்டும். ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று மொட்டையாக விட்டால் எடிட்டர் திருப்பிக் கேட்பார்.

படங்களை வேர்ட் கோப்புக்குள் ஒட்டாமல் தனிக் கோப்புறையில் எண்ணிட்டு வையுங்கள். 4 அங்குல அகலத்தில் அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1,200 புள்ளி (பிக்சல்) அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பாடல் வரிகளை எடுத்தாண்டால் உரிமை பாருங்கள்: எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை பொதுவாக உரிமை உண்டு.

கோப்பு ஏ4 தாள், எழுத்தின் அளவு 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண். அலங்காரம் வேண்டாம். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் எங்கள் நூல் 200 பக்கம்; அச்சில் ஒரு பாரத்துக்கு (சேர்த்து அச்சாகும் பக்கத் தொகுதிக்கு) 16 பக்கம் என்பதால் 208இல் நிற்கும். கோப்போடு அனுப்பும் கடிதம் ஒரே பக்கம்: நூல் எதைப் பற்றியது, யார் வாங்குவார்கள், எத்தனை சொல், எத்தனை படம்.

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மாதங்களில் அனுப்பாதீர்கள்; பதிப்பகங்கள் அச்சகத்திலேயே குடியிருக்கும். பொங்கல் கழித்து, ஒரு நேரத்தில் ஒரு பதிப்பகத்துக்கு. அனுப்பிய கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, அப்புறம் தோன்றும் திருத்தங்களைப் பக்க எண்ணோடு தனித்தாளில் குறித்துவையுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.