முதலாம் ஆண்டில் எடை எங்கிருந்து ஏறுகிறது?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே 15 பவுண்டு, அதாவது ஏழு கிலோ ஏறிவிடும் என்றொரு பேச்சு அமெரிக்காவில் கிளம்பி எங்கும் பரவியிருக்கிறது. அது மிகை. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பில் சராசரி ஏற்றம் சுமார் 1.4 கிலோதான். ஆனால் எடை கூடியவர்களை மட்டும் எடுத்தால் 3.4 கிலோ. பத்தில் ஆறு பேர் அந்தப் பக்கம்தான், அதுவும் ஐந்தே மாதத்தில்.

கொழுப்பு ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 7700 கலோரி. அப்படியானால் 3.4 கிலோ ஏற, ஐந்து மாதமும் நாளுக்கு 175 கலோரி மிஞ்சினால் போதும். 330 மில்லி குளிர்பானத்தில் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. மீதி 35க்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. பெருந்தீனி எதுவும் தேவையில்லை. திரவமாக உள்ளே போகும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை; குடித்ததற்காக அடுத்த வேளைச் சாப்பாடு அந்த அளவுக்குக் குறையாது. எனவே முதலில் கை வைக்க வேண்டியது தட்டில் அல்ல, பாட்டிலில்.

அடுத்தது தூக்கம். உணவுப் பட்டியல் கேட்டு வருபவர்களிடம் இதைச் சொன்னால் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய, எடை அதிகமான இளவயதினரை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், தூங்கும் நேரத்தை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூட்டினார்கள். அவர்கள் சாப்பிட்டது நாளுக்கு 270 கலோரி குறைந்தது. மேலே சொன்ன 175ஐ இது ஒன்றே அடைத்துவிடுகிறது. தேர்வுக் காலத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர்: இரவு எட்டு மணிக்கு ஒரு எனர்ஜி டிரிங்க். 250 மில்லி டப்பாவில் 80 மில்லிகிராம் காஃபீன், 27 கிராம் சர்க்கரை. காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். இரவு ஒரு மணிக்கும் 40 மில்லிகிராம் உடம்பில் இருக்கும். தூக்கம் வராது, பசி வரும், கையில் பாக்கெட் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் காஃபீன் வேண்டாம்.

காலைச் சாப்பாட்டை விட்டால் எடை குறையுமா? சிலருக்குக் குறையும். இரவு பதினொரு மணிக்கு அதை வட்டியோடு தீர்ப்பவர்களுக்குக் குறையாது. நாளுக்கு 1000 கலோரியில் நிறுத்தும் திட்டங்களும் இப்படித்தான்: தசை கரையும், வார இறுதியில் கட்டு அறும்.

உடற்பயிற்சியால் மட்டும் எடை இறக்குவது கடினம். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் கரைவது 150 கலோரி அளவுதான். அதற்காக விட்டுவிடக் கூடாது. இறங்கிய எடை திரும்ப ஏறாமல் இருப்பதில் அதன் பங்கு பெரிது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. சாப்பிட்டதும் பத்து நிமிட நடை, தினம் மூன்று வேளை: 210 நிமிடம் சேர்ந்துவிட்டது. தசைக்கு, உட்கார்ந்து எழும் ஸ்குவாட், புஷ்-அப், புத்தகம் நிரப்பிய பையைக் குனிந்து இழுக்கும் ரோ. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். முதல் வாரமே ஆறு நாள் ஜிம் போகிறவர்கள், இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும் தசை வலியிலேயே கழன்றுவிடுகிறார்கள்.

எடையை வாரம் மூன்று நாள், காலையில் கழிவறை போய் வந்து, தண்ணீர் குடிக்கும் முன் பாருங்கள். உப்பும் நீரும் ஒரே நாளில் ஒரு கிலோ ஆட்டும் என்பதால் சராசரியை மட்டும் குறியுங்கள். இடுப்புக்கு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். அளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 170 செ.மீ. உயரத்துக்கு 85க்குள். பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25க்குள் இருந்தால் போதும் என்பது ஆசியர்களுக்குப் பொருந்தாது. 23லிருந்தே கவனம் வேண்டும்.

மாதவிடாய் நின்றாலோ, தலைசுற்றினாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ அளவெடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உணவுக் கோளாறுகள் அதிகம் தொடங்குவதும் இந்த வயதில்தான்.