லயத்தில் ஒரு ஸ்ட்ராடிவாரி

"அவரு லயத்துலதான் இருக்காரு, நல்ல கைகாரரு" என்று, வயலினைப் பழுது பார்க்க ஆள் தேடிக்கொண்டிருந்த என்னிடம் மாமனார் சொன்னதும், தாளம் தப்பாத மிருதங்க வித்வான் ஒருவரை நான் மனதில் உட்கார வைத்துவிட்டேன். தஞ்சாவூர்க்காரிக்கு லயம் என்றால் வேறென்ன? இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அப்போது மூன்று மாதம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு இங்கே லயம் என்று பேர், ஆங்கில 'லைன்' தேய்ந்து அப்படி ஆனது என்பதெல்லாம் நேரில் போய் நின்றபிறகுதான் தெரிந்தது. நீளமாக ஒரே தகரக் கூரை. அதன் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள், ஒன்றையொன்று முதுகில் சுமப்பதுபோல.

நான் வந்து இறங்கியது ஆனி மாதம். சாரல்தானே என்று குடையில்லாமல் கடைக்குப் போனேன். அந்தச் சாரல் ஆவணி வரை விடவில்லை. துவைத்த துணி நாலு நாள் கொடியில் கிடந்து, காயாமலே ஒரு வாசனையோடு திரும்பி வந்தது. நம் ஊர் பிரெட்டுக்கு இங்கே பாண் என்று பேர்; ரொட்டி என்றால் பாண் அல்ல, பாண் என்றால் ரொட்டி அல்ல என்று பழகினேன். தேத்தண்ணியில் சீனி போடாமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கவும் பழகினேன். அட்டைக்கு உப்பும் சோப்பும். பேச்சு மட்டும் சிரமம் தரவில்லை. எங்கள் பாட்டி பேசிய சொற்கள் பல இங்கே இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் கணவரின் பிறப்புச் சான்றிதழில் இனம் 'இந்தியத் தமிழர்'. அவருடைய பாட்டனாருக்கும் முந்தைய தலைமுறை திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. கல்யாணப் பேச்சு தொடங்கும்வரை அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டு கோத்தகிரி போய்ச் சேர்ந்த அவருடைய அத்தை வழியாகத்தான் எங்கள் சம்பந்தமே. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நான் ஒவ்வொரு அலுவலகத்திலும் வெளிநாட்டவர் வரிசை. இங்கேயே பிறந்தவர் காகிதத்தில் இந்தியர்.

சரி, வயலினுக்கு வருகிறேன்.

பதினோரு வயதிலிருந்து என்னோடு இருக்கும் வயலின் அது. மழை தொடங்கிய சில வாரங்களில் தந்தியை முறுக்கும் பிருடைகள் ஊறி, திருப்பவே முடியாமல் இறுகின. அப்புறம் ஒருநாள் மந்தர ஸ்தாயியில் ஒரு 'கிர்ர்'. கண்ணாடியில் ஈ மாட்டிக்கொண்டதுபோல. தடவிப் பார்த்தால் கீழ்ப்பக்கத்தில் மேல்பலகையும் பக்கவாட்டுப் பட்டையும் சேருமிடம் வாய் பிளந்திருந்தது. பதறிப்போய் இசைக்கருவி விற்கும் ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வெள்ளைப் பசையைப் பிதுக்கி, கட்டு போட்டு, "இனி ஜென்மத்துக்கும் விடாது" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான், ஒட்டு விடவில்லை. பத்தாவது நாள் அதற்குப் பக்கத்தில் பலகையே நார் ஓட்டத்தில் ஒரு சாண் நீளம் கீறிவிட்டது.

அந்தக் கீறலோடுதான் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி அந்தத் தோட்டத்துக்குப் போனோம். இங்கே கைத்தொழில் தெரிந்தவருக்கு 'பாஸ்' என்று பேர். கொத்தனார் பாஸ், தச்சு பாஸ். இவர் தோட்டத்து ஸ்டோரில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் ஹார்மோனியம், தேவாலயத்து ஆர்கன், காமன்கூத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் இவர் கைக்குத்தான் வரும். வயலினை வாங்கி, கீறலைப் பார்க்கும் முன்பு ஒட்டை மோந்து பார்த்தார்.

"யாரு தாயி இந்தப் பாலை ஊத்துனது?"

சொன்னேன்.

"வச்சிரம் போட்டிருந்தா ஒட்டு விட்டிருக்கும், பலகை தப்பிச்சிருக்கும். இப்ப ஒட்டு நிக்குது, பலகை போயிருச்சு."

வச்சிரம் என்பது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய தச்சுப் பசை. இரட்டைப் பாத்திரத்தில் வெந்நீருக்கு நடுவே வைத்து உருக்குவார்கள். காய்ந்தால் கல். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகிக் கொடுக்கும். அதைக் குறை என்றுதான் நான் நினைத்திருந்தேன். மரம் ஊறி உப்பும்போது எங்காவது ஒரு இடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அந்த இடம் ஒட்டாக இருந்தால் பிழைத்தது.

இத்தாலியின் கிரெமோனாவில் வயலின் செய்வதில் பேர்போன அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி கையாண்டதும் இதே தோல் பசைதான் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து சாரத்தில், அதாவது லுங்கியில், சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு வயலின். பங்களாவைக் காலி செய்த ஏதோ ஒரு துரை அவருடைய அப்பாவுக்குக் கொடுத்தது. டார்ச் அடித்து, எஃப் வடிவத் துளைக்குள் பார்க்கச் சொன்னார். மஞ்சள் காகிதம்: 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியபட் அனோ 1721'. கிரெமோனாவைச் சேர்ந்த ஸ்ட்ராடிவாரி 1721-ஆம் ஆண்டில் செய்தது என்று அர்த்தம். லயத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே போனில் தேடிவிட்டிருந்தார்கள். அதே 1721-இல் அவர் செய்த 'லேடி பிளன்ட்' என்ற வயலின் 2011-இல் ஒரு கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, ஜப்பான் சுனாமி நிவாரணத்துக்காக. பத்துப் பதினைந்து பேர் வாசலில் கூடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி'.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷன் போன்ற ஊர்களிலிருந்து வயலின்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியாயின. ஒருவர் கழுத்து, ஒருவர் பலகை, இன்னொருவர் வார்னிஷ் என்று குடிசைத் தொழிலாகச் செய்து சேர்ப்பார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தார்களோ அவர் பேரை உள்ளே ஒட்டுவது வழக்கம். ஏமாற்றுவதுதான் எப்போதும் நோக்கம் என்றில்லை, சாமி படம் ஒட்டுகிற மாதிரிதான். 1890-இல் அமெரிக்கா போட்ட சட்டத்தால் இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பேரும் ஏற வேண்டியதாயிற்று. அதனால்தான் உண்மை அந்தப் பொடி எழுத்தில் மாட்டிக்கொண்டது.

கூட்டம் கலைந்தது. ஒரு பையன் மட்டும், "அப்ப டிராக்டர் இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஓடினான். பாஸ் தாத்தா சிரித்தார். அவருக்கு விலையைவிட அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்வதில்தான் அக்கறை. எந்த மரம், எத்தனை வயசு வரைக்கும் வேலை செஞ்சாரு, பசங்க இருந்தாங்களா?

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1640-களில் பிறந்தவர். 1737-இல், தொண்ணூறு தாண்டிய வயதில் சாகும்வரை கருவி செய்தவர். பிரான்செஸ்கோ, ஓமோபோனோ என்ற இரு மகன்களும் அதே பட்டறையில்தான். மொத்தம் சுமார் 1,100 கருவிகள் செய்திருப்பார் என்று கணக்கு. மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 650. அவரைப் புதைத்த தேவாலயத்தையே 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், ஆனால் அவருடைய மர அச்சுகளும் காகித வரைவுகளும் கிரெமோனா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. முதுகுப் பலகை மேப்பிள். மேல்பலகை ஆல்ப்ஸ் மலைச்சரிவில் வளர்ந்த ஸ்புரூஸ்.

"மலை மரமா? எவ்வளவு உசரம்?"

ஐரோப்பாவில் அந்தக் காலம் கடுங்குளிர்க் காலம், மரம் மெதுவாக வளர்ந்து வளையங்கள் நெருக்கமாக விழுந்தன, நாதத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று 2003-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள் என்றேன். அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "நம்ம மேட்டுக் கொழுந்து மாதிரி. குளிர்ல மெல்ல வளரும், அதான் ருசி. கீழ்நாட்டுல மளமளன்னு வரும், சாயம்தான் இருக்கும்." தாழ்நிலத் தேயிலைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனாலும் ஆராய்ச்சிக் கட்டுரையைவிட எனக்கு இது சட்டென்று புரிந்தது.

மரத்தோடு மர்மம் முடிந்துவிடுவதில்லை. வார்னிஷில் ரகசியம் என்று ஒரு கூட்டம், மரத்தை ஊறவைத்த மருந்தில் என்று ஒரு கூட்டம். 2012-இல் பாரிஸ் பக்கத்தில் 10 பெரிய கலைஞர்களை அழைத்து, வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, மங்கிய வெளிச்சத்தில் பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆறு பேர் புதிய வயலினைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதைக் கேட்டு பாஸ் தாத்தா தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு அவர் கேட்டது வேறு. "முந்நூறு வருசமா வாசிக்கிறாங்கன்னா, எத்தனை தடவை தொறந்து மூடியிருப்பாங்க?"

கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திறந்திருக்கிறார்கள். பழைய கழுத்தை எடுத்துவிட்டு நீளமான கழுத்து பொருத்தி, உள்ளே தாங்கும் கட்டையைப் பெரிதாக்கி, இன்றைய கச்சேரி மண்டபங்களுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார்கள். ஸ்ட்ராடிவாரி விட்டுப்போன நிலையில் இன்று வாசிக்கப்படும் வயலின் அனேகமாக ஒன்றும் இல்லை. வச்சிரம் இளகிக் கொடுத்ததால்தானே அதெல்லாம் முடிந்தது. நம் ஊருக்கு வந்தும் வயலின் மாறாமல் இல்லை: கர்நாடக சங்கீத வித்வான்களான பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கையில் எடுத்தபிறகு அது தரையில் உட்கார்ந்து, நெஞ்சுக்கும் பாதத்துக்கும் நடுவே சாய்ந்துகொண்டு கமகம் பாடத் தொடங்கியது.

வேலை மூன்று வாரம் ஆனது. வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்கத்தான் பாதி நாள். கீறலை உள்பக்கம் தாங்க, நகத்தளவு சதுரத் துண்டுகள் ஏழு வைத்தார். பங்களாப் பியானோவைக் கரையான் அரித்து உடைத்தபோது எடுத்து வைத்த பலகையிலிருந்து வெட்டியவை. பியானோவின் நாதப் பலகையும் ஸ்புரூஸ்தான். எந்தக் குளிர்மலையிலிருந்து கப்பலேறி வந்ததோ. மேல்பலகையை மூடும் முன், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து உள்ளே என்னவோ எழுதினார். பேரும் தேதியும் எழுதுவார் என்று எட்டிப் பார்த்தேன். 'வச்சிரம். சூடு காட்டித் திற' என்றிருந்தது.

வயலின் இப்போது பீரோவுக்குள், எந்நேரமும் எரியும் ஒரு சின்ன பல்பின் துணையோடு இருக்கிறது. இங்கே பட்டுச்சேலைக்குச் செய்கிற ஏற்பாடு. போன ஆடியில் கீழ்ப்பக்கம் நகம் நுழையுமளவு மறுபடி வாய் திறந்தது. போன் பண்ணினேன்.

"பலகை ஒடையலயே?"

"இல்ல தாத்தா."

"அப்ப சரி. ஞாயித்துக்கெழம கொண்டாங்க. வரும்போது பஜார்ல ரெண்டு றாத்தல் பாண் வாங்கியாங்க."