பட்டை யார் கையில்?

ஒரே வார்டில் ஒரே பெயர் கொண்ட இரண்டு நோயாளிகள் படுத்திருந்தால், பணியிலிருக்கும் செவிலியருக்கு அன்றைய இரவு முழுவதும் மனம் ஆறாது. பெயரைச் சொல்லி அழைத்தால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார். குறைந்தது இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அறை எண் அதில் சேராது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வகுத்த வழிமுறை இந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான்.

எங்கள் வார்டில் நோயாளியை அடையாளம் காண முதலில் பார்கோடு கைப்பட்டைதான் இருந்தது. வியர்வையில் நனைந்து, மணிக்கட்டில் வளைந்து கிடக்கும் கோடுகளைப் படிக்கவைக்க, கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துத் திருப்ப வேண்டும். வலியில் இப்போதுதான் கண்ணயர்ந்தவர் விழித்துக்கொள்வார். சில்லு வைத்த, ரேடியோ அலையால் அடையாளம் சொல்லும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டை வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை அருகில் கொண்டுபோனால், கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தி பெற்று, போர்வைக்குள் இருந்தபடியே தன் எண்ணைச் சொல்லிவிடும்.

தூரத்திலிருந்தே படிக்கும் வகையை வாங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் உறுதியாக மறுத்தேன். சில மீட்டருக்கு அப்பால் எட்டும் அலை, பக்கத்துக் கட்டில்காரரின் பட்டையையும் சேர்த்தே படிக்கும். மருந்து கொடுக்கும் இடத்தில் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், சில சென்டிமீட்டரே எட்டும் வகைதான் பொருத்தம். சக்கர நாற்காலி எங்கே போனது என்று தேடுவதற்குத் தூர வகை இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கும் முன்சோதனை வேண்டும். 2008-இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வு ஒன்றில், 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்.எஃப்.ஐ.டி. அலையை 123 முறை சோதித்ததில் 34 முறை குறுக்கீடு ஏற்பட்டது. அவற்றில் 22 ஆபத்தானவை. மருந்தைச் சீராகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் நின்றுபோனதும் அதில் அடக்கம். நல்லவேளையாக, அப்போது எந்தக் கருவியும் நோயாளியோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை.

ஆனால் என்னை உலுக்கியது அலைவரிசைச் சிக்கல் அல்ல. ஒரு நோயாளிக்கு நரம்பு கிடைக்காமல், பட்டை இருந்த இடத்திலேயே ஊசி போட வேண்டியிருந்தது. பட்டையை வெட்டி, கட்டில் கம்பியில் பிளாஸ்திரியால் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு அவரை ஜன்னலோரம் மாற்றிவிட்டார்கள். பட்டை பழைய கட்டிலிலேயே தங்கிவிட்டது. அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்தார். இளம் செவிலியர் முன்னவருக்கான ரத்தப் பையுடன் அங்கே போய்க் கருவியைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பையும் பட்டையும் கச்சிதமாகப் பொருந்தின! அதோடு நிற்காமல், "உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லுங்கள், ஐயா" என்று அவர் கேட்டதால் ஒரு உயிர் தப்பியது. பிரிவு பொருந்தாத ரத்தம் சிறிதளவு ஏறினாலே ஆளைக் கொன்றுவிடக்கூடும். அந்தப் பெண்ணை நான் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினேன்.

பட்டையைக் கம்பியில் ஒட்டியவரைத் திட்டுவது எளிது. ஆனால் புதுப் பட்டை அச்சிடும் இயந்திரம் கீழ்த்தளத்துச் சேர்க்கைப் பிரிவில் இருந்தது. நள்ளிரவில் வார்டை விட்டுவிட்டு யார் இறங்கிப் போவார்கள்? நிர்வாகத்திடம் மன்றாடி ஒன்றை வார்டுக்கே வாங்கினோம். பட்டையை வெட்டியவரே, கட்டிலை விட்டு நகருமுன் மறுகையிலோ காலிலோ புதியதைக் கட்ட வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி. தீக்காயத்தால் கைகால் முழுக்கக் கட்டுப்போட்டு வருபவர்களுக்கு எங்கே கட்டுவது என்பதற்குத்தான் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.