எஞ்சினைத் திறக்கும் முன்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிய இடத்திலேயே கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தச்சர், வெல்டர், வலை பின்னுகிறவர் என்று ஒவ்வொரு படகிலும் ஆள் நிறைந்திருக்கும். எஞ்சின் அறைக்குள் இறங்குகிறவன் நான். உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பொருத்திய டீசல் எஞ்சின்களோடு 22 ஆண்டுகள் ஓடிவிட்டன.

தொழில் பழகிய நாட்களில் எஞ்சின் என்றால் எனக்கு பிஸ்டன், அது ஏறி இறங்கும் லைனர், பேரிங், இவைதான். எது கெட்டாலும் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றப் போய் நிற்பேன். இப்போது ஸ்பேனரை எடுக்குமுன் கடல் நீர் பம்பைப் பார்க்கிறேன், டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன், டிரைவரிடம் பத்து நிமிடம் பேசுகிறேன். நான் திறந்து பார்த்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் வெளியிலிருந்துதான் வந்திருந்தது.

இதை எனக்குக் கற்பித்தது ஒரு ரப்பர் துண்டு. கடல் நீரை இழுத்துத் தரும் பம்புக்குள் ரப்பர் இம்பெல்லர் ஒன்று சுழலும். பூவிதழ் போல் விரிந்த அதன் இதழ்களில் இரண்டு ஒரு படகில் முறிந்திருந்தன. புதியதை மாட்டினேன். தண்ணீர் நன்றாகக் கொட்டியது. படகை அனுப்பிவிட்டேன். நடுக்கடலில் எஞ்சின் கொதித்து, ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், இன்னொரு படகு அதைக் கட்டி இழுத்து வந்தது. பம்ப் அனுப்பும் கடல் நீரால் எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றினேன். முறிந்த இரண்டு இதழ்களும் மெல்லிய குழாய்களின் வாயை அடைத்தபடி உட்கார்ந்திருந்தன. பம்பில் இல்லாத துண்டு எங்கே போனது என்று நான் தேடியிருக்க வேண்டும். அன்றிலிருந்து உடைந்த இம்பெல்லரைச் செய்தித்தாள் மேல் வைத்து, உடைந்த வளையலைச் சேர்ப்பதுபோல் துண்டுகளைச் சேர்த்துப் பார்க்காமல் நான் மூடியைப் பூட்டுவதில்லை.

அதே ஹீட் எக்ஸ்சேஞ்சரில் துத்தநாகக் கட்டை ஒன்று இருக்கும். உப்புநீர் மற்ற உலோகங்களை அரிக்காமல் தன்னை அரிக்கக் கொடுக்கும் கட்டை அது. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஒரு பருவம் முழுக்க ஓடியும் கட்டை புதிதுபோலவே இருந்தால் உரிமையாளர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு அப்போதுதான் பயம். கட்டைக்கு உலோகத் தொடர்பு அறுந்திருக்கும். அரிப்பு வேறெங்கோ நடந்துகொண்டிருக்கும்.

எங்கள் துறைமுகத்தில் எஞ்சின்களின் ஆயுளை மிகுதியாகக் குடிப்பது, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி. டர்போவும், அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள எஞ்சின் ஒரே அளவு இரும்புக்குள் கூடுதல் காற்றையும் கூடுதல் டீசலையும் திணித்துத் திறனை எடுக்கிறது. அதில் பொறுத்துக்கொள்ளும் இடம் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு உரிமையாளர், "அண்ணா, புகை கருப்பாக வருகிறது, இன்ஜெக்டரை மாற்றிவிடுங்கள்" என்றார். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை அது. கடலில் ஓட்டிப் பார்த்தேன். முழு விசையில் நிமிடத்துக்கு 1800 சுற்று வர வேண்டிய எஞ்சின் 1620ஐத் தாண்டவில்லை. வேகத்துக்காகப் பிட்ச், அதாவது இதழ்களின் சாய்வு, அதிகமான விசிறியை மாட்டியிருந்தார். அளவுக்கு மீறிய பாரத்தை மலையேற்றத்தில் மேல் கியரிலேயே இழுக்கும் லாரியின் நிலைதான் அந்த எஞ்சினுக்கு. டீசல் முழுதாக எரியப் போதிய காற்று இல்லை, வெப்பம் மட்டும் ஏறுகிறது. விசிறியை மாற்றச் சொன்னேன். கேட்கவில்லை. நானும் இன்ஜெக்டரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பருவத்தில் இரண்டு பிஸ்டன்கள் லைனரோடு பிடித்துக்கொண்டன. அந்த வேலையை ஒப்புக்கொண்டதற்கு நானும் பொறுப்பு. இன்று முழுச் சுற்று வராத படகுக்கு வேறு எந்த வேலையும் நான் தொடங்குவதில்லை.

மீன் பிடிக்கும் இடத்துக்குப் போகும்போது சுற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், விசிறி கேட்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். அரை மணி நேரம் தாமதமாகலாம். மிச்சமாகும் டீசலையும் எஞ்சினுக்குக் கிடைக்கும் மூச்சையும் டிரைவர்களிடம் கணக்குப் போட்டுக் காட்டுவேன். சிலர் கேட்கிறார்கள்.

ஆயில் பற்றி ஒன்று. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போகும் முதல் நாள்தான் எல்லோரும் ஆயில் மாற்றுகிறார்கள். நான் ஏப்ரலிலேயே மாற்றச் சொல்கிறேன். ஓடிய ஆயிலில் எரிந்த டீசலின் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது இரண்டு மாதம் பேரிங்குகளின் மேல் ஊறிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதைப் பொட்டுப் பொட்டாய்க் கருத்துப்போன பேரிங்குகளில் கண்டிருக்கிறேன். எஞ்சினை ஓடும் சூட்டுக்குக் கொண்டுவந்து, சூட்டோடு பழைய ஆயிலை இறக்கி, புதியதை ஊற்றிச் சிறிது ஓட்டி நிறுத்த வேண்டும். பிறகு வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் பழக்கமும் வேண்டாம். சூடேறாத எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும்.

போன மே மாதம் ஒரு எஞ்சினைத் திறந்தேன். மணிக்கணக்குமானி 11,000 மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அந்தப் படகின் டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். கரை சேர்ந்ததும் மீன் கூடைகள் இறங்கும் அவசரத்திலும் எஞ்சினை ஐந்து நிமிடம் குறைந்த சுற்றில் விட்டுத்தான் அணைப்பார். கொதிக்கும் டர்போவுக்கு ஆயில் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் அதன் தண்டில் ஆயில் கருகி ஒட்டிக்கொள்ளும் என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு நான் மறுபடி சொல்ல நேரவில்லை.

ஹெட்டை இறக்கி வைத்துவிட்டு டார்ச் அடித்தேன். லைனரின் சுவரில், தொழிற்சாலையில் தீட்டிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. அவரைக் கீழே கூப்பிட்டேன். ஏணியில் இறங்கி வந்தவர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விரல் நகத்தால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். "இது இருந்தால் நல்லதா, அண்ணா?" என்றார். இந்தக் கோடுகளில்தான் ஆயில் நிற்கும் என்றேன். இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த லைனருக்கு டார்ச்சைத் திருப்பச் சொன்னார்.