ஓரத்துல ஒரு கை

ஜூலை 14, திங்கள்
ரெண்டாவது பெட்டியும் பிரிச்சாச்சு. மொத்தம் 212 பிளேட், பழைய ஸ்டுடியோவோட கண்ணாடி நெகட்டிவ். பரண்ல இத்தனை வருஷமும் படுக்க வச்சே அடுக்கியிருந்திருக்காங்க, மேல உள்ள வெயிட்டுல அடியில இருக்குற கண்ணாடி என்னத்துக்கு ஆகும், நாலு விரிசல், ஒண்ணு தூள். ஓரமெல்லாம் வெள்ளி ஏறி நீலமா மின்னுது. தனித்தனிப் பேப்பர் கவர்ல போட்டு நீட்டு விளிம்புல நிக்க வைக்கணும், படுக்கவே கூடாது. அம்மா ராத்திரி சாப்பிடல.

ஜூலை 15
பிளேட்டைக் கேமராவுல காப்பி எடுத்த 38ம் இடம் வலமா திரும்பியிருக்கு. முந்தானை எந்தத் தோள்ல இருக்குன்னு பாத்து சரி பண்ணிடலாம்க்கான்னு தம்பி சொன்னான். கும்பகோணத்துல அது செல்லாதுப்பா, மடிசார்ல ஐயர் வீட்ல வலது தோள், ஐயங்கார் வீட்ல இடது. சாய்ச்சுப் பிடிச்சா ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், இன்னொண்ணு மங்கல். மங்கல்தான் படம் பதிஞ்ச ஜெலட்டின் பூச்சு, அது கேமராவைப் பாத்து இருந்தா ஆள் மாறிடும். எல்லாம் முதல்லேருந்து.

ஜூலை 17
97ம் நம்பர். கிழவி ஒருத்தி நாற்காலி நுனியில உக்காந்திருக்கா, கால் தரையில முழுசா படல, பெருவிரல் மட்டும் ஊனியிருக்கு. ஏதோ வீட்டு முற்றம். பின்னாடி வெள்ளை வேட்டியைத் திரையா பிடிச்சிருக்காங்க. இடது ஓரத்துல சிவப்பு மை பூசியிருக்கு, பிரிண்ட் போட்டா அந்த இடம் வெள்ளையா போயிடும், அதுக்குத்தான் பூசுறது. மை மெல்லிசா இருக்குற இடத்துல லைட் பேனலைக் கூட்டினேன். வேட்டி நுனியைப் பிடிச்சிருக்குற கை. மணிக்கட்டுல வளையல்.

ஜூலை 18
103, 110, 131. அதே வளையல், அதே கை.

ஜூலை 20, ஞாயிறு
கண்காட்சி ஹால்காரர் வந்து பாத்துட்டு ஓரத்தை வெட்டிடுங்கம்மா, முகம் போதுமேங்குறார். ஸ்டுடியோவே மறைச்சதைத்தானே நாமளும் மறைக்கிறோம்னு அவர் சொல்றதுல நியாயம் இருக்குதான், ஆனா எனக்கு மனசு ஆறல, இந்த 212 பிளேட்டுல ஒருத்தர் பேருகூட நமக்குத் தெரியாது, எல்லார் கீழயும் பெயர் தெரியவில்லைன்னு போடுறதுக்கே எனக்குக் கூசுது, நாற்காலியில உக்காந்தவங்களுக்காவது முகம் இருக்கு, வெயில்ல நின்னு கை கடுக்க வேட்டியைப் பிடிச்ச பொண்ணுக்கு இந்த நாலு விரல்தான் இருக்கு, அதையும் நானே வெட்டுறதா. போட்டோகிராபரோட சம்சாரமா இருக்கும். சுவர்ல எழுதுறதுக்கு அவளைப் பத்தி ஒரு பாரா எழுதிட்டேன்.

ஜூலை 23
சுண்ணாம்புச் சுவர் வேர்க்குது. ஆணி வேணாம், உத்தரத்துலேருந்து கம்பியில தொங்க விடலாம்னு ஆசாரி சொல்றார், சரிதான், பின்னாடி காத்து போகும். ஒரிஜினல் பிளேட் மூணுதான் வைக்கிறோம், அதுவும் 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் படாம. படத்தோட நடு 145 சென்டிமீட்டர்ல வர்றதுதான் வழக்கம். நான் 130 சொல்லியிருக்கேன். வயசானவங்க பெஞ்சுல உக்காந்து பாப்பாங்க.

ஜூலை 26
அம்மாவோட ரிசல்ட் வந்துடுச்சு.

ஜூலை 28
ஒரே கோட்டு ஏழு பேர் மேல. ரெண்டாவது பட்டன் இல்ல, ஒருத்தருக்குக் கை முழங்கையிலேருந்து கொஞ்சம்தான் இறங்குது. நாகப்பட்டினத்துல மலேயா போற ரஜுலா கப்பல் ஏறினவங்களா இருப்பாங்களோன்னு தோணிட்டே இருக்கு, போறதுக்கு முந்தி வீட்ல வச்சிட்டுப் போக ஒரு படம். ஏழையும் ஒரே வரிசையில மாட்டணும்.

ஜூலை 30
அம்மா தூக்கம் வரலன்னாங்க, பக்கத்துல உக்காந்து லேப்டாப்ல 97ஐக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பாத்தாங்க. "வளையல் இல்லடி இது. காப்பு. சின்னப் பய கை, எட்டு ஒம்போது வயசு இருக்கும், நகத்தைப் பாரு கடிச்சு வச்சிருக்கான்." பெருசு பண்ணினேன். கடிச்ச நகம்தான்.

ஜூலை 31
பாரா அழிச்சாச்சு. 131ல அந்தக் காப்பு இறுகிப் போயிருக்கு, 97ல லூசா தொங்குது. அப்ப நம்பர் வரிசையிலதான் எடுத்திருக்காங்க, இடையில ரெண்டு வருஷமாவது போயிருக்கணும்.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு
காவேரியில தண்ணி நிறைய வருது, படித்துறையில நிக்க இடமில்லையாம். அம்மா மஞ்சக் கயிறு கேட்டாங்க, வார்டுல நர்ஸ்கிட்ட சொல்லிட்டு கையில கட்டி விட்டேன், ஊசி போட்ட கைக்கு வேணாம்னு மாத்தி இடது கையில. 97ஐ முழு பிளேட்டா அடிக்கச் சொல்லி பைல் அனுப்பிட்டேன், சிவப்பு மையோட. நாளைக்கு டாக்டர் காலையிலயே